கொள்ளுத்தாத்தா நெய்த பட்டு

“அப்பா, அவங்கவங்க குடும்பம் ஆரணிக்கு எப்படி வந்துச்சுன்னு நாளைக்கு சரித்திர கிளாஸ்ல சொல்லணும். நீ களம்பூர்லேர்ந்து நெல்லு லாரி மேல ஏறி வந்ததைச் சொல்லட்டா?”

பட்டுக்கடை முதலாளி ஜெயக்குமார் பதறிப்போனார்.

“ஐயே, யாபாரம் படுத்துடும்! உன் கொள்ளுத்தாத்தா ஜாகீர்தார் அரண்மனைக்கே பட்டு நெய்ஞ்சாருன்னு சொல்லு. ராணியம்மா அதைக் கட்டிகினு கண்ணாடிய விட்டு நகரலையாம். அந்தப் பாவுல மீந்த நூல்ல கடைசியா ஒரே ஒரு சேலை நெய்ஞ்சாராம்.”

“பொய்யின்னு மிஸ் கண்டுபிடிச்சா, எல்லார் முன்னாடியும் என் மானம் போயிடும்ப்பா.”

“பேஜார் பண்ணாத. இந்தக் கதைய இதுவரைக்கும் ஒருத்தரும் சந்தேகப்பட்டதில்ல.”

மறுநாள் வகுப்பில் சிவசங்கரி எழுந்து, அப்பா சொன்னதை ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

பரிமளா மிஸ் தாம் கட்டியிருந்த பட்டுச் சேலையின் முந்தானையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

“அந்தக் கடைசிச் சேலை இதான்னு சொல்லித்தான் உங்கப்பா என் தலையில கட்டினாரு. நான் உன் கதையக் கேட்டா, நீ என் சேலை கதைய சொல்லிகினு இருக்கியே!”