ஈரத்துக்கு ரெண்டு கிலோ

பச்சைத் தேயிலை நிறுக்கும் தராசில் புருஷனை ஏற்றிப் பார்த்த வாசுகிக்கு எரிச்சல் தாங்கவில்லை. எண்பத்தாறு கிலோ.

"இலையில ஈரத்துக்குக் கழிக்கிற மாதிரி எனக்கும் ரெண்டு கிலோ கழிச்சுக்க," என்றான் தினகரன்.

"நக்கலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. நீங்க ஒரு வருஷமா சாப்பிடற மாத்திரைக்குப் பசிக்கும், நிறுத்தக் கூடாது, தினமும் ஒரு மணி நேரம் நடங்கன்னு டாக்டர் சொன்னாரு. நீங்களும் நடக்கறீங்க. ஊட்டுல சர்க்கரையே வாங்கறதில்லை. அப்புறம் எப்படிங்க ஏறுது?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பினான். இன்று விடுவதில்லை என்று அவளும் பின்னாலேயே போனாள்.

அவன் நடந்ததே பத்து எட்டுதான். எஸ்டேட் லைன் வீட்டு வரிசையில் முதல் வீட்டு மூக்கம்மா, "வா தம்பி, டீ குடிச்சுட்டுப் போ" என்று கூப்பிட்டாள். அடுத்த வீட்டில் டீயோடு வர்க்கி. நாலாவது வீட்டில் போண்டா.

வாசுகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூக்கம்மாவை நாலு வார்த்தை கேட்டே தீர்வதென்று முதல் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். கதவு அகலத் திறந்து கிடந்தது.

போன வருஷம், யாரோ தன்னைக் கொல்ல வருவதாகக் கத்திக்கொண்டு தினகரன் இந்த லைனில் ஓடி வந்தபோது, முதலில் தாழ்ப்பாள் விழுந்தது இந்தக் கதவில்தான். அவன் மாத்திரை சாப்பிட்டுத் தெளிந்த பிறகும் மாதக்கணக்கில் ஒரு கதவும் அவனுக்குத் திறக்கவில்லை.

"என்ன புள்ள, அப்படியே நிக்கறே?" என்றாள் மூக்கம்மா.

"ஒண்ணுமில்லைங்க. நாளைக்கும் அவரைக் கூப்பிட்டு உக்கார வைங்க. டீயில சர்க்கரை மட்டும் போடாதீங்க."