ஒரு நாள் தொட்டில்

தொட்டிலில் விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

ஆடிட்டர் அம்மா கதவருகே வந்துவிட்டார். தொட்டிலருகே நின்றிருந்த அவள் சட்டென்று எட்டி அந்தச் சீட்டைப் பறித்தாள். உள்ளங்கையில் கசக்கி வைத்துக்கொண்டாள்.

மகள் தொட்டிலில் தூங்கிப்போயிருந்தாள். இரண்டு வயது. புதுத் தொட்டில், புது மெத்தை, தலைக்கு மேல் ஃபேன். வீட்டில் இல்லாத சொகுசு. தூங்காமல் என்ன செய்வாள்?

மூன்று நாள் முன்புவரை இந்த அறையில் வேஸ்ட் துணி மூட்டைகள் கிடந்தன. இப்போது சுவரில் முயல், யானை. வாசலில் 'குழந்தைகள் காப்பகம்' என்று பலகை. பெயிண்ட் வாடை போக ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள்.

ஸ்பெயினிலிருந்து பெரிய ஆர்டர். பனியன் கம்பெனியைப் பார்த்துச் சரி சொல்ல பெங்களூரிலிருந்து இந்த ஆடிட்டர் அம்மா. வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் இருந்தால்தான் ஆர்டர்.

காப்பகம் என்றால் குழந்தை வேண்டுமே!

முதலாளி சென்னியப்பன் அதற்கும் வழி வைத்திருந்தார். நேற்று தையல் லைனுக்கே நேரில் வந்தார். அவர் அங்கே வந்தால் யார் தலையோ உருளப்போகிறது என்று அர்த்தம். நேற்று சிரித்துக்கொண்டே வந்தார்.

"கொழந்த இருக்கற அம்மிணிகெல்லாம் நாளைக்கு ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. நாமெல்லாம் ஒரே குடும்பமுங்க."

ஒரு நாளைக்கு!

போன வாரம் அவள் போய்க் கேட்டபோது இந்தக் குடும்பம் எங்கே போயிருந்தது? மகளைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா தாராபுரத்துக்குக் குடிபோகிறாள். திங்கள் முதல் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஆறு வருடத் தையல் வேலையை விட வேண்டியதுதான். கம்பெனியில் ஒரு மூலை கொடுத்தால் போதும் என்றாள்.

கம்பெனியா பால்வாடியா என்று கேட்டுவிட்டு, அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

அவள் அழவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

இன்று சனிக்கிழமை. அறையில் ஏழு குழந்தைகள். பேக்கிங் பாப்பாத்தியக்கா புதுச் சேலையில் ஆயாவாகி உட்கார்ந்திருந்தாள். எந்தக் குழந்தைக்கு என்ன பேர் என்று தெரியாமல் எல்லாவற்றையும் 'தங்கம்' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆடிட்டர் அம்மா சுவரைப் பார்த்தார். தொட்டிலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"தினமும் இங்கதான் விடுவீங்களாம்மா?"

சொல்லிக்கொடுத்த பதில் ஒரே சொல். ஆமாங்க. அதற்கு மேல் ஒரு எழுத்து பேசக்கூடாது என்று மேனேஜர் மூன்று தடவை சொல்லியிருந்தார்.

ஆடிட்டருக்குப் பின்னால் முதலாளி நின்றார். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

உண்மையைச் சொன்னால் ஆர்டர் போகும். ஆர்டரோடு நானூறு பேர் பிழைப்பும் போகும்.

பொய் சொன்னால் திங்கட்கிழமை இங்கே மூட்டைகள் திரும்பி வரும்.

அவள் வாயைத் திறந்தாள்.

"ஆமாங்க. எங்க மொதலாளி தங்கமானவருங்க. திங்கக்கெழம வாங்க, கொழந்த இங்கதான் இருக்கும். அடுத்த மாசம் வாங்க, அப்பவும் இங்கதான் இருக்கும். சொல்லாம கொள்ளாம எப்ப வேணுமுன்னாலும் வந்து பாருங்கம்மா."

பாப்பாத்தியக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

ஆடிட்டர் அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எந்தக் கம்பெனியிலும் இப்படி யாரும் கூப்பிட்டதில்லை என்றார். நின்றபடியே எழுதிக்கொண்டார். முதலாளியின் பக்கம் திரும்பி, வரலாமா சார் என்று கேட்டார்.

முதலாளி அவளைப் பார்த்தார். ஆறு வருடத்தில் அன்றுதான் முழுசாகப் பார்த்தார்.

தாராளமாக வாங்க என்றார். மறுபடி கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடடா, அந்த முகம்! ஜென்மத்துக்கும் போதும் அவளுக்கு.

திங்கட்கிழமை காலை எட்டே கால்.

கேட் பாதி மூடியிருந்தது. இடுப்பில் குழந்தையைக் கண்டதும் வாட்ச்மேன் மயில்சாமி கையை நீட்டித் தடுத்தார். ஆடிட் முடிந்துவிட்டதே அம்மிணி என்றார். பாவம், அவருக்குச் சொல்லி வைத்தது அவ்வளவுதான்.

அவள் நகரவில்லை.

திரும்பிப் போனால் வீடுதான். வேலை இல்லை.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

செக்கிங்கில் வேலை செய்யும் செண்பகவடிவு இரண்டு கையிலும் இரண்டு பையன்களைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் அயர்னிங் பெண்கள், ஆளுக்கொரு குழந்தையோடு. கட்டிங் மாஸ்டர்கூட மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். சனிக்கிழமைக் கதை ஞாயிறு ஒரே நாளில் எல்லா வீட்டுக்கும் போய்விட்டிருந்தது.

அவள் குழந்தைகளை எண்ணினாள். பதினெட்டு.

முதலாளியின் கார் வந்தது. போக வழியில்லை. டிரைவர் ஹார்ன் அடித்தார். ஒரு குட்டிப் பயல் கைதட்டி, இன்னொருக்கா என்றான்.

கார்க் கண்ணாடி இறங்கியது. முதலாளியின் கண்ணும் எண்ணுவது தெரிந்தது. பாதியில் நிறுத்திவிட்டார். முகம் சிவந்தது. மயில்சாமி என்ன செய்வதென்று அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரோட்டில் ஒரு டாக்சி வேகத்தைக் குறைத்தது.

பெங்களூர் அம்மாவாக இருக்குமோ? முதலாளியின் கழுத்து வெடுக்கென்று திரும்பியது.

"யோவ் மயில்சாமி! கேட்டத் தொறய்யா! கொழந்தைக வெயில்ல நிக்குது, கண்ணு தெரியலியா?"

டாக்சியில் யாரோ எவரோ. வேகத்தடையில் ஏறி இறங்கி நேரே போய்விட்டது.

அதற்குள் பதினெட்டும் உள்ளே போயிருந்தது.