லுலும்பா ஒருத்திதான்

“சார், இன்னொரு தடவை என் பேரைச் சொல்லுங்க. நல்லா சத்தமா!”

வானொலி அறிவிப்பாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு முழங்கினார். “லு... லும்... பா! கேட்டீங்களா நேயர்களே? லுலும்பா!”

எதிரே உட்கார்ந்திருந்த பெண் பஸ் கண்டக்டர். அரைநாள் லீவு போட்டுவிட்டுச் சீருடையோடே ஓடி வந்திருந்தாள். கழுத்து விசிலைக்கூடக் கழற்றவில்லை.

‘அபூர்வப் பெயர்’ போட்டியின் கடைசிச் சுற்று அது. விதி எளிது. போட்டிக்கு வந்தவரின் பெயரை நேரலையில் அறிவிப்பார்கள். நிகழ்ச்சி முடிவதற்குள் அதே பெயர்க்காரர் வேறு யாராவது அத்தாட்சியோடு போன் செய்தால் ஆட்டம் குளோஸ். யாரும் வராவிட்டால், வாசலில் ரிப்பன் கட்டி நிற்கும் புது ஸ்கூட்டர் பரிசு.

மூன்று பேரில் இரண்டு பேர் ஏற்கெனவே அவுட். ‘ரேடியோ’ என்ற பெயரோடு மார்தட்டிக்கொண்டு வந்த எலக்ட்ரீஷியனுக்கு எதிராக அடுத்தடுத்து மூன்று ரேடியோக்கள் அலறின. ‘முற்றுப்புள்ளி’ என்ற பேக்கரிக்காரர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார்.

“எட்டாவது பிள்ளை சார் நான். இதோட போதும்னு எங்கப்பா முற்றுப்புள்ளி வச்சிட்டார்.”

“அதோட நின்னுடுச்சா?”

“எங்க சார் நின்னுச்சு! எனக்கப்புறம் ஒரு தங்கச்சி. அவ பேரு தொடர்ச்சி.”

அறிவிப்பாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் எங்கோ இன்னொரு அப்பாவும் அதே முடிவுக்கு வந்திருந்தார் போலும். அந்த வீட்டு முற்றுப்புள்ளி போனில் வந்து, பேக்கரிக்காரருக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்.

மிச்சம் இருந்தது கண்டக்டரம்மா மட்டும்தான்.

“பேருக்கு என்னம்மா அர்த்தம்?”

“ஒரு அர்த்தமும் கிடையாது சார். நான் பொறந்தப்ப எங்க வீட்டு வாண்டு ஒண்ணு தொட்டில்ல எட்டிப் பாத்து, வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கு. அப்பா அதையே பதிவு பண்ணிட்டார்.”

“ஸ்கூல்ல ஓட்டியிருப்பாங்களே?”

“லும்பா, கும்பான்னு உயிரை வாங்கிட்டாங்க. கல்யாணமானப்ப வீட்டுக்காரர்கூட, ‘நல்ல பேரா மாத்திக்கயேன்’னார். செத்தாலும் மாத்த மாட்டேன்னுட்டேன்.”

அறிவிப்பாளருக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவருடைய பெயரைத் தெருவில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தம்மாவாவது ஜெயிக்கட்டும் என்று மனசார நினைத்தார்.

“சார், இந்த நிகழ்ச்சி எல்லா ஊர்லயும் கேக்குமா?”

“மலைக்கு அந்தப் பக்கம்கூடக் கேக்கும்மா. ஏன், பயமா இருக்கா?”

அவள் கைக்குட்டையைக் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஸ்கூட்டர் பளபளவென்று நின்றது. அவள் பார்வையோ மேஜைமேல் இருந்த போனை விட்டு நகரவில்லை.

போன் அடித்தது. அவள் பாதி எழுந்துவிட்டாள்.

பேசியது ஏதோ ஓர் ஆசாமி. அவருக்குப் பாட்டுப் போட வேண்டுமாம். ராங் நம்பர் ஒன்று வந்தது. அப்புறம், “என் பேரு பாலும்பா, ஒத்துக்குவீங்களா?” என்று ஒரு குறும்புக்காரர். ஒவ்வொரு மணிக்கும் அவள் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். பாவம், கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமல் போய்விடுமோ என்று தவிக்கிறாள் என நினைத்தார் அறிவிப்பாளர்.

“நேயர்களே, இன்னும் ஒரே நிமிஷம்! லுலும்பா ஒருத்திதானா?”

போன் அடித்தது.

“ஹலோ, என் பேரும் லுலும்பாதான்!” ஒரு சிறுமியின் கணீர்க் குரல்.

“விளையாடாதம்மா. அத்தாட்சி வேணுமே!”

“என் ஸ்கூல் அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பியாச்சு. பாருங்க அங்கிள்!”

ஒலிப்பதிவாளர் தன் செல்போனைத் தூக்கிக் காட்டினார். இரட்டைப் பின்னல், முன்பல் இல்லாத சிரிப்பு, கீழே அதே பெயர். அறிவிப்பாளருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போதா தாழி உடைய வேண்டும்!

“உனக்கு இந்தப் பேரை யாரும்மா வச்சது?”

“அப்பாதான். அவர் சின்னப் பையனா இருந்தப்பவே கண்டுபிடிச்ச பேராம்!”

அறிவிப்பாளர் கண்டக்டரம்மாவின் முகத்தைப் பார்க்கவே சங்கடப்பட்டார். “மன்னிச்சிடுங்கம்மா. நீங்க... தோத்துட்டீங்க.”

நாற்காலி தடாலென்று விழுந்தது. அவள் பாய்ந்து வந்து மைக்கைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

“கண்ணு... அப்பா பக்கத்துல இருக்காரா?”

“இருக்காரு. ரேடியோவுல பேரைக் கேட்டதுலேர்ந்து அழுதுட்டே இருக்காரு. அவருதான் நம்பர் போட்டுக் குடுத்தாரு.”

“ஸ்கூட்டர் கிடக்கட்டும் சார்!” என்று அறிவிப்பாளரிடம் கத்தினாள் அவள். “கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போன மனுஷனை நான் தேடாத இடமில்ல!”

பிறகு மைக்கில் குனிந்து சொன்னாள்:

“கண்ணு, போனை உங்கப்பாகிட்ட குடு. அத்தை பேசுறேன்னு சொல்லு.”