கொஞ்சம் உரசணும்

“இன்னும் உரசலையே அண்ணே!”

எஃப்ரெயின் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். அமெரிக்காவின் ஃபோன்டானாவில் டயர் கடை போட்டு இத்தனை வருடத்தில் இப்படியொரு புகார் வந்ததில்லை. காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்திவிட்டு, அதில் அகல டயரும் மாட்டிக்கொண்டு, ‘மட்கார்டில் உரசுகிறது’ என்று மூக்கால் அழுதபடி வருகிறவர்கள்தான் அதிகம். இந்த வெஸ்லி, முப்பதுகூட இருக்காது, உரசவில்லை என்று வந்து நிற்கிறான்.

“தம்பி, போன வாரம் நீ கேட்டபடி ஒரு சைஸ் பெருசு போட்டேன். உரசக் கூடாதேன்னு மட்கார்டு விளிம்பைச் சூடு பண்ணி உள்ளே மடிச்சும் விட்டேன். நியாயமா நீ எனக்கு விருந்து வைக்கணும்.”

“மடிக்கச் சொல்லி நான் கேக்கலையே.”

“கேக்காமலே செய்வேன். உரசுற வண்டி என் கடையிலேர்ந்து வெளியே போனதில்ல. இந்த வட்டாரத்துல என் பேரே அதான்.”

கல்லாவில் உட்கார்ந்து பரிட்டோவைக் கடித்துக்கொண்டிருந்த தங்கை கிராசியேலா வாயை மூடாமலே சொன்னாள்: “ஆமாமா. இவர் கார் மட்டும் ஆறு மாசமா பிரேக் போட்டா குயில் மாதிரி கூவுது.”

“நீ சாப்பிடு தாயே.”

வெஸ்லி வலது பின் சக்கரத்தருகே குத்தவைத்து, மட்கார்டுக்குள் விரலை விட்டுக் காட்டினான். “இந்த இடம்தான். வீட்டு வாசல் சரிவுல ஏறித் திரும்பறப்போ லேசா ‘ஸ்ர்ர்’னு ஒரு சத்தம் வரணும். டயர் கிழியக் கூடாது. உள்ளே இருக்கற பிளாஸ்டிக்ல சும்மா பட்டா போதும்.”

“எதுக்குய்யா? ஞாயித்துக்கிழமை கார் கூட்டத்துல பந்தா காட்டவா?”

“அப்படியே வெச்சுக்கங்க.”

“சத்தம்தான் வேணும்னா அகல டயர் எதுக்கு? பக்கத்து சீட்டுல ரெண்டு மூட்டை சிமெண்ட் ஏத்து. வண்டி ஒரு விரக்கடை இறங்கும், தானா உரசும். இந்த யோசனை இலவசம்.”

கிராசியேலாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. வெஸ்லி சிரிக்கவில்லை.

“அந்த சீட்டுல எதையும் வைக்கறதில்லண்ணே. உங்களால முடியலேன்னா சொல்லுங்க, எதிர்க்கடையில கேட்டுக்கறேன்.”

எதிர்க்கடை! எஃப்ரெயினுக்குச் சுருக்கென்றது. அந்தக் கடைக்காரன் போடுகிற டயரெல்லாம் உரசும்; காசு வாங்காமலே உரசும்.

“போடறேன் தம்பி. இன்னும் ஒரு சைஸ் பெருசு. நாளைக்கே நீயே ஓடி வந்து கழட்டச் சொல்லுவ, பாரு.”

ஜாக்கியில் ஏற்றி, பழையதைக் கழற்றி, புதியதைப் பூட்டி இறக்கினார். மனசே இல்லாமல் செய்த வேலை. ஆனாலும் காற்றை இரண்டு தரம் சரிபார்த்தார்.

“வா, ஒரு சுத்து போய்ப் பாக்கலாம்” என்று ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் ஏற வலது கதவைத் திறந்தார். சீட்டு முன்னால் இழுத்து வைத்திருந்தது. அவருடைய முழங்கால் நுழைய வழியில்லை. பின்னுக்குத் தள்ளக் குனிந்து கம்பியைத் தேடினார்.

“அதை நகத்தாதீங்க!”

நெருப்பைத் தொட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார் எஃப்ரெயின். வெஸ்லியின் முகம் வெளிறிப்போயிருந்தது.

“மன்னிச்சுக்கங்கண்ணே. நான் மட்டும் ஓட்டிப் பாக்கறேன். தனியா போறப்போ உரசுதான்னுதான் பாக்கணும்.”

கிராசியேலா கை துடைத்தபடி வெளியே வந்தாள். “என்ன, வீட்டம்மா கெடுபிடியோ? சீட்டு அரை இன்ச் நகந்தாலும் கண்டுபிடிச்சிடுவாளா?”

“கண்டுபிடிச்சிடுவா.”

“அப்போ இந்த ‘ஸ்ர்ர்’ கேட்டா திட்ட மாட்டாளா?”

“திட்டுவா. நல்லாத் திட்டுவா.” முதல்முறையாக அவன் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“பொண்டாட்டிகிட்டத் திட்டு வாங்கறதுக்குன்னே டயர் மாத்தற ஆளை இப்பத்தான் பாக்கறேன்” என்றாள் கிராசியேலா.

கார் தெருமுனை வரை போய்த் திரும்பியது. அண்ணனும் தங்கையும் வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கடைச் சரிவில் ஏறி வளைந்தபோது, காகிதத்தைக் கிழித்ததுபோல் மெல்லக் கேட்டது.

ஸ்ர்ர்ர்.

என்ஜின் நின்றது. வெஸ்லி இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கைகளையும் எடுக்கவில்லை.

‘புத்தி வந்துவிட்டது பையனுக்கு’ என்று எஃப்ரெயின் ஜாக்கியை உருட்டிக்கொண்டு ஜன்னலருகே போனார். “நாளைக்குன்னேன், இப்பவே முழிக்கற. தனியா ஓட்டறப்போவே உரசுது, பாத்தியா? பக்கத்துல ஒருத்தர் ஏறினா என்ன ஆகும்? கழட்டிடறேன். பழைய சைஸையே போட்டுக்க.”

“வேண்டாம்ணே. அச்சு அசலா இதே சத்தம்தான்.”

அவன் திரும்பிப் பக்கத்து சீட்டைப் பார்த்தான்.

“அவ இருந்தவரைக்கும் பழைய டயரே உரசும்ணே. பக்கத்துல அவ உக்காந்தாலே போதும்.”