காற்று இறங்கிய ஸ்கூட்டர்கள்

“எல்லா டயரையும் கிழிச்சிடுவேன்னு நேத்து கத்துனது நீதானே?”

பஸ்ஸை விட்டு இறங்கிய கண்டக்டர் முனிசாமியின் சட்டையைப் பிடித்தான் விக்னேஷ். வாடகை மின்சார ஸ்கூட்டர் கம்பெனியின் மேனேஜர் அவன். பிள்ளையார்பாளையம் ஸ்டாப்பில் வரிசையாக நின்ற ஸ்கூட்டர்களில் ஒன்றில்கூடக் காற்று இல்லை.

“கைய எட்றா! கத்துனேன், இல்லன்னு சொல்லல. பஸ் நிக்கிற எடத்துல கடைய விரிச்சு, என் ஜனத்தையெல்லாம் இட்டுக்கினு போனா உன்னைக் கொஞ்சுவாங்களா?”

முனிசாமிக்கு ரத்தம் கொதித்தது. இந்தச் சனியன்கள் வந்த நாளிலிருந்து பஸ் காலியாகத்தான் ஓடுகிறது. இந்த வாரமும் கூட்டம் ஏறாவிட்டால் முசரவாக்கம் ட்ரிப்பையே நிறுத்தப்போவதாக டிப்போவில் சொல்லிவிட்டார்கள்.

“உன் முசரவாக்கம் கிராமத்துக்கு நீயே ஓட்டிக்கோ. எங்க வண்டி டவுன் எல்லையைத் தாண்டுனா தானா நின்னுடும். டவுனு எங்களுது!” விக்னேஷ் எகிறினான். “சங்கீதா, மத்தியானம் இந்தாள் வண்டிங்கிட்ட போனத நீ பாத்தல்ல?”

ஸ்கூட்டர்களுக்கு பேட்டரி மாற்றும் சங்கீதா, குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

“நான் பாக்கல சார்.”

“நாளைக்கும் காத்து போச்சுன்னா நேரா போலீஸ்தான். உன் வேலை காலி!” என்று முனிசாமியைப் பார்த்து விரலை ஆட்டிவிட்டுப் போனான் விக்னேஷ்.

பஸ்ஸுக்குள் நிற்க இடமில்லை. ஸ்கூட்டர் கிடைக்காத ஜனம் முழுக்க ஏறியிருந்தது. எத்தனை நாளாக ஏங்கிய கூட்டம்! ஆனால் செய்யாத தப்புக்குப் பழி சுமந்த வயிற்றெரிச்சலில் முனிசாமிக்கு அது கண்ணிலேயே படவில்லை.

விசில் ஊதப்போன நேரத்தில் சங்கீதா ஓடிவந்து ஏறினாள். முசரவாக்கத்துக்காரி; ஊருக்குப் போக அவளுக்கு இந்த ஒரு பஸ்தான். முனிசாமி அவள் மேல் எரிந்து விழுந்தார்.

“வாய்ல என்னா கொழுக்கட்டையா? அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிடுவ?”

டிக்கெட்டை அவள் கையில் அறையாத குறையாகத் திணித்தார். சங்கீதா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அவர் காதருகே வந்தாள்.

“நாளைக்கு நீங்க லீவு போட்டுடுங்கண்ணே. நீங்க இல்லாதப்பவும் நான் காத்தைப் புடுங்குனா, உங்க மேல சந்தேகம் வராது.”