நாற்பத்து மூன்றாவது கண்

கத்தியைக் கையில் எடுத்ததும் பச்சைத் துணிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. ஆரம்பித்தாகிவிட்டதா என்று கேட்டது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இதுவரை அவள் கீறிய நாற்பத்திரண்டு கண்களில் ஒன்றுகூடப் பேசியதில்லை.

அத்தனையும் ஆட்டுக் கண்கள். கறிக்கடையிலிருந்து ஐஸ் டப்பாவில் வரும். பயிற்சிக்கூடத்தில், கை பிசகினால் 'அய்யோ' என்று வாய்விட்டுச் சொல்லலாம். ஆடு ஒன்றும் நினைத்துக்கொள்ளாது.

இங்கே சொல்லக் கூடாது. ஊசி போட்டுக் கண் மரத்திருந்தாலும் ஆள் விழித்திருப்பார். காது நன்றாகவே கேட்கும். தலைமை மருத்துவர் பத்மாசனி அதை மட்டும் மூன்று முறை சொல்லியிருந்தார். இப்போது மைக்ரோஸ்கோப்பின் இன்னொரு குழலில் கண் வைத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

துணிக்கு அடியில் படுத்திருந்தவர் சுடலைமுத்து. முப்பது வருடம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. மனிதர்கள் எல்லோரும் அவருக்கு நிழல்தான்.

அவள் கீறினாள்.

விரல் நடுங்கியது. லேசான நடுக்கம்தான். மைக்ரோஸ்கோப்பில் அது பூகம்பமாகத் தெரிந்தது.

"டாக்டரம்மா, இது உங்களுக்கு எத்தனாவது கண்ணு?"

பத்மாசனி மூச்சை அடக்கிக்கொண்டார்.

அவளுக்குப் பொய் வராது.

"நாப்பத்தி மூணாவதுங்கய்யா."

துணிக்கு அடியில் ஒரு பெருமூச்சு. பிறகு, முன்னால் செய்துகொண்டவர்கள் எல்லாம் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிப்பு.

"இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல."

செவிலியர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பேசினால் கண் அசையும் என்று சொல்லி, பத்மாசனி விசாரணையை முடித்துவைத்தார்.

சுடலைமுத்துவுக்கு நிம்மதி வந்துவிட்டது.

நிம்மதியில் தூங்கிவிட்டார்.

குறட்டை கிளம்பியது. ஒவ்வொரு குறட்டைக்கும் தலை ஒரு நெல் அளவு ஆடியது. எழுப்பினால் திடுக்கிட்டுத் துள்ளுவார். எழுப்ப முடியாது.

அவள் காத்திருந்தாள். குறட்டை ஓய்ந்ததும் கையை நகர்த்தினாள். மறுபடி காத்திருந்தாள்.

ஆட்டுக் கண் இதைச் சொல்லித் தரவில்லை.

ஒரு குறட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவில், வெல்லத் துணுக்குப் போலப் பழுப்பாக, புரை வழுக்கி வெளியே வந்தது. அடுத்த இடைவெளியில் புது லென்ஸ் உள்ளே போய் உட்கார்ந்தது.

நடுக்கம் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள்.

அவர் கண்ணைச் சிமிட்டினார். சுவரில் இருந்த காலண்டரின் தேதியை உரக்கப் படித்தார். அதன் கீழே இருந்த ராகுகாலத்தையும் படித்தார். டாக்டரம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டும், எங்கே என்று கேட்டார்.

"நான்தாங்கய்யா."

எதிரே ஓர் ஒல்லிப் பெண். பல்லுக்குக் கம்பி கட்டியிருந்தாள். கழுத்து அட்டையில் 'பயிற்சி மருத்துவர்' என்று இருந்தது.

அதையும் அவர் படித்தார். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக.

"நல்லவேள தாயி, நேத்து எனக்குக் கண்ணு தெரியல."



பிறகு பார்வை வந்த கண்ணை மெல்ல மூடிக்கொண்டு, அடுத்த கண்ணுக்கு அவளிடம் எப்போது வர வேண்டும் என்று கேட்டார்.