கூரையில் ஒட்டிய வானம்

பத்தொன்பது நாளாக இந்த அறையில் நண்பகல்தான். ஜன்னல் இல்லாத குறைக்கு, நோயாளி மனம் சோர்ந்துவிடக் கூடாதென்று, கூரையில் நீல வானப் படத்தை ஒட்டி அதன் பின்னால் விளக்கு வைத்திருக்கிறார்கள். பைக் விபத்தில் அடிபட்ட கணவன் விழிக்கும்போதெல்லாம் "பாப்பா எங்க?" என்கிறான். "ஸ்கூல்ல" என்கிறாள் மனைவி. இப்போது எலக்ட்ரீஷியன் கூரை விளக்கை மாற்றிவிட்டு ஏணியிலிருந்து இறங்குகிறார். "எந்நேரமும் மத்தியானமாவே இருந்தா யாருக்குத் தூக்கம் வரும்க்கா? இனிமே வெளியில இருட்டினா இங்கயும் இருட்டும்." அவர் போனதும் வானம் மெல்லச் சிவக்கிறது. அவள் ஈரத் துணியை நான்காக மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். "சாயங்காலமாயிடுச்சே, இன்னுமா அவ வரல?" என்கிறான் அவன். துணியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுகிறது. "வரமாட்டா. அன்னிக்கு வண்டியில உங்க முன்னாடிதானே உக்காந்திருந்தா. அந்த இடத்துலயே போயிட்டா."